மோட்டாரில் குறை இல்லை

மக்களே, நீ மோட்டார் வாங்க வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை போனில், இன்னும் பலமான மோட்டார் நாலு பார்த்து வைத்திருக்கிறேன், லீவுக்கு வரும்போது கொண்டுவந்து அப்பாவுக்குச் சோறூட்டச் செய்த மெஷின் கையைச் சரி பண்ணிவிடுகிறேன் என்று சொன்னாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். போனில் உன்னிடம் ஒரு காரியத்தை முழுசாகச் சொல்ல முடிகிறதில்லை. நீ 'ம்' கொட்டிக்கொண்டே கனடாவில் கம்ப்யூட்டரைத் தட்டுவது திருவனந்தபுரத்தில் எனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் வரை படித்த கை, கோணலாகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு டீச்சர் போட்டோ பிடித்து அனுப்புவாள். அவள் படித்தாலும் சாரமில்லை. உன் பெண்டாட்டி படிக்கட்டும், என் பேத்தி வளர்ந்து படிக்கட்டும், விதுராவில் இருக்கிற உன் அத்தைக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும். ஒளித்து வைக்கிற மாதிரி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

முதலில் உன் அப்பா விஷயம். மூக்கில் போட்ட குழாயைக் கொஞ்ச நாளில் எடுத்துவிடுவார்கள், அப்புறம் மெஷினை வைத்துச் சாப்பிடலாம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். டாக்டர் உன்னிடம் இங்கிலீஷில் 'பார்க்கலாம்' என்றார். தூரத்தில் இருக்கிறவனிடம் அப்படித்தான் சொல்வார்கள். வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னது வேறு. தொண்டை இனி இறக்காது, வாய் வழியாகக் கொடுத்தால் நெஞ்சுக்குள் போகும், குழாய் குழாயாகத்தான் இருக்கும் என்று சொன்னார். இரண்டாவது விஷயம், நீ செய்த கை சரியாகிவிட்டது. நாலு மோட்டாரும் நீ மாட்டியதுதான். ஒன்றைக்கூட மாற்றவில்லை. இந்த இரண்டு விஷயமும் இப்படி முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்ததில் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் எரிவது என்றுதான் தெரியவில்லை.

நீ எதற்காக அந்தக் கையைச் செய்தாய் என்று உனக்கே மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. ஸ்ட்ரோக் வந்து உன் அப்பாவுக்கு வலது கை விழுந்து போனது. இடது கை நன்றாகத்தான் இருந்தது. ரிமோட்டை அமுக்கும், கொசுவை அடிக்கும், என்னைப் போ என்று காட்டும். சோற்றை மட்டும் தொடாது. கால் கழுவுகிற கையால் சாப்பிடுவதா என்று இருந்துவிட்டார். கையையும் காலையும் நீட்டி மடக்க வந்த பிசியோதெரபிப் பெண் ஒருநாள், "அங்கிளே, எடத்தே கை கொண்டு கழிச்சா எந்தா?" என்றாள், இடது கையால் சாப்பிட்டால் என்ன என்று. அவர் பார்த்த பார்வையில் அந்தப் பெண் மறுநாள் வேறு ஆளை அனுப்பினாள். சரி, நான் ஊட்டலாம் என்றால் அதற்கும் வாயைத் திறக்கமாட்டார். விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக்கிக்கொண்டு பாதி வாங்குவார், பாதியைச் சட்டையில் விடுவார். சாலை பஜாரில் கடைக் கணக்கெழுதிய மனிதர், யாரிடமும் எதற்கும் கை நீட்டாதவர், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்து போனார். அவர் மறுபடி தானாகச் சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் நமக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

நீ அப்போது வேலை பார்த்த கழக்கூட்டத்திலிருந்து சனி ஞாயிறுகளில் வந்து சாப்பாட்டு மேசையில் அதைக் கட்டினாய். இடது கையால் பொத்தானை அமுக்கினால், கை கிண்ணத்தில் குனிந்து, ஸ்பூனில் அள்ளி, வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தும். முதலில் சின்ன பிளாஸ்டிக் மோட்டார் வைத்து, மேசையின் இடது பக்கம் வைத்தாய். அவர் அதைத் தள்ளிவிட்டார். மெஷினாக இருந்தாலும் சோறு வலது பக்கமிருந்துதான் வரவேண்டும். "இது என்ன எளவு சட்டம்பா" என்று தலையில் அடித்துக்கொண்டு நீ வலது பக்கம் மாற்றினாய். அந்தப் பக்கம் விழுந்த கையைத் தாங்குகிற பலகை குறுக்கே நிற்கிறதால் மெஷின் தள்ளி நின்று எட்ட வேண்டியதாயிற்று. கை நீளமாயிற்று. நீளமானதும் பிளாஸ்டிக் மோட்டாருக்கு முடியவில்லை. நீ இரும்புப் பல் வைத்த பெரிய மோட்டார் நாலு வாங்கி வந்தாய். அதுவரைக்கும் எல்லாம் சரிதான். மோட்டாரைப் பெரிசாக்கின நீ அதற்குக் கரன்ட் கொடுக்கிற சாமானை மாற்றவில்லை, கேட்டியா. அதே பழைய போன் சார்ஜர். சுவரில் அது இருந்த இடம்கூட எனக்குக் கண்ணில் நிற்கிறது.

வெறும் ஸ்பூனை நன்றாகத் தூக்கியது. கொஞ்சம் நடுங்கியது, நீ "பழகிடும்மா" என்றாய். மெஷின் எப்படிப் பழகும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அன்று பார்த்து உன் அத்தை விதுராவிலிருந்து வாழைக்குலையும் கொண்டு வந்திறங்கினாள். நான் ரசம் விட்டுக் குழைத்த சோற்றைக் கிண்ணத்தில் வைத்தேன். முதல் வாய், இரண்டாம் வாய், நன்றாகப் போயிற்று. உன் அப்பா மெல்லும்போது என்னைப் பார்த்தார். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்த வாய்க்குக் கை மேலே வந்து, முக்கி, கிடுகிடுவென்று ஆடி, கைக்கு அடியில் நீ வைத்த பெட்டியில் பச்சை வெளிச்சம் அணைந்து எரிந்தது. மறு நொடி கை விசுக்கென்று திரும்பி ரசத்தை அவர் கண்ணில் அடித்தது. உன் அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, "அண்ணனுக்குச் சோறூட்ட ஆளில்லாமலா மைனி மெஷினை வச்சிருக்கு?" என்றாள். நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், நீ என்ன சொன்னாய்? "அம்மா, நீங்க சோத்தைக் குவிச்சு வச்சுட்டீங்க. வெயிட் தாங்கல" என்றாய். உன் அப்பாவிடம் அப்போது மிச்சமிருந்தது மூன்று சொல்தான். அதில் ஒன்றைச் செலவழித்து "எடு" என்றார். கை அலமாரி மேல் ஏறியது. அடுத்த மாதம் நீ பெண்டாட்டி பிள்ளையோடு விமானம் ஏறினாய்.

நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அது இரண்டாவது தடவை. உன் அத்தை கல்யாணம் நம் பழைய வீட்டு முற்றத்தில் நடந்தது. நீ அப்போது என் வயிற்றில் நிறைமாதம். விடியற்கால முகூர்த்தம், ஊரில் கரன்ட் நிலையில்லாத காலம், உன் அப்பா ஒரு ஜெனரேட்டர் பேசி வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து இறக்கிய ஆள் கேட்டது என் காதில் விழுந்தது, நான் காப்பி கொண்டு போய் நிற்கிறேன். "வெளிச்சத்துக்கு மட்டுமா அண்ணாச்சி, இல்ல மோட்டாரும் ஓட்டுவீளா?" உன் அப்பா, "வெளிச்சத்துக்கும் மைக் செட்டுக்கும்தாம்டே, போதும்" என்றார். விடியும் முன்னால் கரன்ட் போய் ஜெனரேட்டர் ஓடுகிறது. அவியலுக்குத் தேங்காய் அரைக்க வேண்டும். வயிற்றை வைத்துக்கொண்டு அம்மியில் குனிய முடியாதென்று உன் ஆச்சி, "கிரைண்டர்ல போடு" என்றாள். போட்டேன். கிரைண்டர் சுற்றவில்லை, ம்ம் என்று முனகியது. பந்தலில் பல்பு எல்லாம் நெருப்புக் கங்கு மாதிரி சிவந்து இறங்கியது. நாகஸ்வரக்காரர் மைக்கில் ஒரு கரகரப்பு. ஜெனரேட்டர் இருமி நின்றது. ஒரு குத்துவிளக்கு வெளிச்சத்தில் உன் அத்தைக்குத் தாலி ஏறியது. உன் அப்பா கொல்லைக்கு ஓடிவந்து சமையல்காரர்கள் முன்னால், "ஏட்டி, நீயாட்டி சுவிட்ச்சப் போட்ட? ஒனக்கு அறிவுண்டா?" என்றார்.

அது அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். உன் அத்தை புருஷன் மஞ்சள்காமாலையில் சின்ன வயசிலேயே போய்விட்டார். அந்தச் சாவு வீட்டில், அத்தனை பெண்கள் நடுவில், அவள் என்னைக் கண்டதும், "அன்னைக்கே மைனி வெளக்க அணைச்சா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். துக்கத்தில் சொன்னாள் என்று எல்லோரும் என்னைச் சமாதானப்படுத்தினார்கள். துக்கம் தீர்ந்த பிறகும் சொன்னாள். உன் கல்யாணத்தில்கூட, அடுப்படிப் பக்கம் நான் போனபோது "மைனி சுவிட்ச் ஒண்ணையும் தொட்டுராதீங்கோ" என்று சிரித்தாள். அவள் படிக்காதவள், விடு. உன் அப்பாவுக்குத் தெரியும். ஜெனரேட்டர்காரன் கேட்டதும் தெரியும், தான் சொன்ன பதிலும் தெரியும். அந்தச் சாவு வீட்டில் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவரிடம் மூன்று சொல் இல்லை, எல்லாச் சொல்லும் இருந்தது.

அதனால்தான் நீ 'வெயிட் தாங்கல' என்றது எனக்குள் கிடந்து அரித்தது. அவரும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டு போனார். ஒருநாள் டீச்சரை அவர் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, கையை அலமாரியிலிருந்து இறக்கி, சார்ஜரோடு பையில் போட்டு, ஆட்டோ பிடித்துத் தம்பானூர் பக்கம் எஞ்சினீயரிங் பிள்ளைகள் சாமான் வாங்குகிற கடைக்குப் போனேன். கவுண்டரில் ஒரு பாறசாலைப் பெண். எஞ்சினீயரிங் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். தமிழும் மலையாளமுமாகப் பேசினாள். நான் கையை மேசையில் வைத்து, மகன் செய்தது, இதற்குப் பலமான மோட்டார் வேண்டும் என்றேன். அவள் மோட்டாரைப் பார்க்கவே இல்லை. சார்ஜரைத் திருப்பிப் பின்பக்கம் வாசித்தாள்.

"அம்மச்சி, நாலு மோட்டாரும் ஒண்ணிச்சு முக்கினா எத்தற கரன்ட் வலிக்கும்னு மோன் நோக்கினாரா?"

மக்களே, அது ஜெனரேட்டர்காரன் கேட்ட கேள்வி. வார்த்தைதான் வேறு, நாலும் சேர்ந்து முக்கினால் எவ்வளவு கரன்ட் இழுக்கும், மகன் பார்த்தாரா என்கிறாள். ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு என்றேன். சொன்னாள். உனக்கு நான் சொல்கிறேன். நீ சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கிறவன், இது ஞாயிற்றுக்கிழமை ஆசைக்குச் செய்வது, அதனால் தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்தும் சோம்பியிருந்தால் அது வேறு.

முதலில் வோல்ட் பார்க்க வேண்டுமாம். இந்த மோட்டாருக்கு அஞ்சிலிருந்து ஆறு வரை. அதற்கு மேலே போனால் கருகும், கீழே போனால் துவளும். அதில் நீ தப்புப் பண்ணவில்லை, சார்ஜர் அஞ்சுதான். அடுத்தது ஆம்பியர். மோட்டார் சும்மா சுற்றும்போது கொஞ்சம்தான் குடிக்கும். கிளம்புகிற நேரத்திலும், தூக்க முடியாமல் முக்கி நிற்கிற நேரத்திலும் பல மடங்கு கேட்கும். அந்த முக்குகிற கணக்கைத்தான் பார்க்க வேண்டும். உன் மோட்டார் ஒன்று முக்கினால் இரண்டரை ஆம்பியராம். நாலும் சேர்ந்து முக்கினால் பத்து. நீ வைத்த சார்ஜர் கொடுப்பது இரண்டு. ஒரு மோட்டாருக்கே எட்டாது. இரண்டு கொடுக்கிற இடத்தில் பத்து கேட்டால் வோல்ட் சரிந்து விழும். விழுந்தால், மோட்டாருக்கு உத்தரவு கொடுக்கிற பெட்டிக்குள் இருக்கிற அந்தச் சின்னப் பச்சைப் பலகை மயங்கிவிடும். மயங்கி எழுந்ததும் அதற்குத் தான் எங்கே விட்டது என்று தெரியாது, கையை முதல் இடத்துக்கு விசுக்கென்று திருப்பும். ரசம் கண்ணில் அடித்தது அப்படித்தான். பச்சை வெளிச்சம் அணைந்து எரிந்ததை நான் பார்த்தேன் என்று சொன்னேன். "கரெக்ட் அம்மச்சி, அதுதன்னே" என்றாள். நீயும் அங்கேதான் நின்றாய். நீ நான் வைத்த சோற்றைத்தான் பார்த்தாய்.

கரன்ட் கொடுக்கிற பெட்டியைப் பெரிசாக வைத்தால் மோட்டார் கருகாதா என்று கேட்டேன். உன் அப்பாவுக்கும் அந்தப் பயம் உண்டு, எதிலும் பெரிசு வாங்கமாட்டார். அவள், "டேங்கு பெருசா இருந்தா டம்ளர் பொட்டுமா, ஒடையுமா அம்மச்சி? டம்ளர் அதுக்கு வேண்டியதத்தானே எடுக்கும்" என்றாள். வோல்ட் கச்சிதமாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூட இருந்தால் பாதகமில்லை, பத்து வேண்டுமென்றால் பதினைந்து வாங்கு, இழுத்துப் பிடித்து வாங்காதே. கடைப் பெயர்ப் பலகை விளக்குக்கு வைக்கிற, ஓட்டை ஓட்டையாக இருக்கிற தகரப் பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தாள். மோட்டாருக்கு அதிலிருந்து நேராக, தடித்த வயரில், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. பச்சைப் பலகைக்கு அந்தப் பழைய சார்ஜரே தனியாக இருக்கட்டும், மோட்டாருக்குப் போகிற கரன்ட் பலகைக்குள் நுழைந்து போகவே கூடாது. ஆனால் மோட்டாரின் காப்பிப்பொடி நிறத்து வயரும், பெட்டியின் கறுப்பும், பலகையின் கறுப்பும் ஓரிடத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்காது. வீட்டுக் கரன்ட் உள்ளே வருகிற பக்கத்தை மூடி வைக்க வேண்டும், அது ஆளைக் கொல்லும். இதையெல்லாம் நான் வயர் பிடித்துச் செய்யவில்லை, கடையில் பாதி, தெருவில் எலக்ட்ரீஷியன் பாதி. எலக்ட்ரீஷியன் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தான். அவன் பெயரை நான் மறக்கமாட்டேன்.

அவன் வருவதற்குள் உன் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், சளி இல்லை, கஞ்சி. நான் ஊட்டிய கஞ்சி. தொண்டை முன்னாலேயே போயிருக்கிறது, வாயை மூடிக்கொண்டது பிடிவாதம் இல்லை அம்மா, இறக்க முடியாமல்தான் என்று டாக்டர் சொன்னார். பாதி அதுவாக இருக்கலாம். மற்ற பாதி பிடிவாதம்தான், அவரோடு குடித்தனம் பண்ணினது டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பாதிக்கு நான் திட்டிய திட்டெல்லாம் இப்போது எங்கே போய்ச் சேரும் என்று தெரியவில்லை.

குழாயோடு வீட்டுக்கு வந்த பிறகு அத்தை பார்க்க வந்தாள். மெஷின் மேசையில் மாட்டி இருந்தது. அவள் எதிரில் கிண்ணம் நிறையச் சோற்றை வைத்து, ஸ்பூனில் வேண்டுமென்றே குவிய வைத்து ஓட்டிக் காட்டினேன். ஆடவில்லை. அப்புறம் உட்கார்த்தி வைத்துச் சொன்னேன், ஜெனரேட்டர்காரன் கேட்டதை, அவள் அண்ணன் சொன்ன பதிலை, கிரைண்டர் முனகியதை, எல்லாவற்றையும். எந்த மோட்டார் கிளம்பினாலும் நின்றுபோயிருக்கும், யார் சுவிட்ச் போட்டிருந்தாலும் நின்றுபோயிருக்கும் என்றேன். அவள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "அதெல்லாம் பழைய கதையில்லா மைனி. இப்ப எதுக்கு அத எடுக்கீங்க?" என்றாள். என் தலையில் அவள் வைத்திருந்த வரைக்கும் அது பழையதாகவில்லை. நான் இறக்கி வைக்கப் போனதும் பழைய கதையாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனாள். அவள் இனி வந்தால் காப்பி கொடுப்பேன். பேச்சு கிடையாது.

உனக்கு நான் சொல்லி வைப்பது இவ்வளவுதான். நீ இனி எதையாவது செய்வாய், அது உன் கையை விட்டுப் போகாது. என் பேத்திக்குப் பொம்மை செய்வாய். ஆடினால், விழுந்தால், பக்கத்தில் யார் நின்றது என்று முதலில் பார்க்காதே. நம் வீட்டில் பக்கத்தில் நின்றது எப்போதும் நான். அதற்குக் கரன்ட் எங்கிருந்து வருகிறது, போதுமா என்று பார். உன் பிள்ளை அழுதாலும், உன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பினாலும் அப்படியே பார். நீ பார்ப்பாய் என்று எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. உன் அப்பாவின் ரத்தம். எனக்கென்று கை ஒன்றும் செய்ய வேண்டாம். எனக்கு வலது கை விழுந்தால் நான் இடது கையால் தின்பேன். இரண்டும் விழுந்தால் குனிந்து தின்பேன்.

நேற்று மதியம் உன் அப்பாவைச் சாய்வு நாற்காலியில் மேசையோரம் உட்கார்த்தினேன். குழாயில் பால் விட்டாயிற்று. எனக்குத்தான் பசி. எனக்குச் சமைத்த நாலு கரண்டி ரசம் சோற்றை மெஷின் கிண்ணத்தில் போட்டிருந்தேன். பொத்தானை அவர் இடது கைப்பக்கம் வைத்திருந்தேன், ஏன் வைத்தேன் என்று கேட்காதே. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, "அன்னைக்கு வெளக்க அணைச்சது நான் இல்ல, கேட்டீளா. நீங்க கொண்டாந்த எஞ்சின் போதல" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கேட்டதா, கேட்கவில்லையா, கேட்டும் கேட்காத மாதிரியா, இனி யாரும் எனக்குச் சொல்லப் போவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து விரல் பொத்தானைத் தேடியது. அமுக்கினார். கை கிண்ணத்தில் குனிந்து, அள்ளி, அவர் வாயளவுக்கு வந்து நின்றது. அவர் ஸ்பூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலை நகர்த்தி, கழுத்தை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். மறுபடி அமுக்கினார். மறுபடி வாங்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் கையால் நான் சாப்பிட்டது அதுதான். உப்புக் குறைவாக இருந்தது. நான் போட்ட உப்புத்தான்.

கிண்ணம் காலியாயிற்று. அவர் நிறுத்தவில்லை. அமுக்கிக்கொண்டே இருந்தார். ஸ்பூன் வெறும் கிண்ணத்தில் குனிந்து, ஒன்றும் இல்லாமல் மேலே வந்து, ஒரு நடுக்கமும் இல்லாமல் என் வாய்க்கு நேரே நின்றது. நன்றாகத்தான் செய்திருக்கிறாய், மக்களே. மோட்டார் வாங்காதே.

அம்மா